பூகோளப் படக் கோப்புகளைப் பெயர்த்தெழுதுதல்

சென்ற கோடை விடுமுறைக்கு முன்னர் நம் கல்லூரி மாணவர் சிலரும் யானும் பச்சையாற்றுப் பாசனத்திலுள்ள சிறு குளங்கள் சிலவற்றையும் அவற்றின் மடைகளையும் அளந்து ஒரு படமாக வரையக் கருதினோம். கைத்தொலைபேசியே இக்காலத்தில் நில அளவைக் கருவியாகவும் பயன்படுதலின், சங்கிலியும் கொடியும் சுமந்து செல்லும் வருத்தம் எங்களுக்கில்லை. ஒவ்வொரு மடையருகிலும் நின்று அதன் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் குறித்துக்கொண்டோம். உடன்வந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்லிய பெயரையும் அதனருகே பதிந்துகொண்டு திரும்பினோம். மறுநாள் அக்குறிப்புக்களைக் கணினியிலேற்றிப் படத்தைத் திறந்தபோது திரையில் நீலநிறம் ஒன்றே தோன்றிற்று. பொருநைக் கரையைக் காணோம், திருநெல்வேலியைக் காணோம், இந்தியாவையே காணோம். படத்தைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்த பின்னர், எங்கள் குளங்கள் யாவும் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவிற்கு மேற்கேயுள்ள வடதுருவத்துப் பனிக்கடலில் மிதந்துகொண்டிருக்கக் கண்டோம். மாணவர் நகைத்தனர்; யானும் நகைத்தேன். அவ்வேலையில் எனக்கு நேர்ந்த பிழைகள் மூன்று. அவற்றுள் நகைத்தற்குரியது இஃதொன்றே.

அம்மூன்று பிழைகளும் ஒரே இடத்தில் நேர்ந்தன. அளவெடுத்தபோதன்று, படம் வரைந்தபோதுமன்று. ஒரு வகைக் கோப்பிலிருந்த செய்தியை மற்றொரு வகைக் கோப்பாகப் பெயர்த்தபோது நேர்ந்தன. பூகோளம் பயில்வார்க்கேயன்றிப் பயிர்த்தொழில், சரித்திரம், உயிர்நூல் முதலியன பயில்வார்க்கும் இப்பெயர்ப்பு வேலை இன்று அடிக்கடி வாய்க்கின்றதாகலின், யான் பட்டறிந்ததனையும் படித்தறிந்ததனையும் ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

கணினியிலுள்ள பூகோளப் படம் இருவகைத்து. ஒன்று, வானத்தினின்று எடுத்த ஒளிப்படம் போலச் சிறு சிறு சதுரங்களாலாயது. ஒவ்வொரு சதுரத்திற்கும் ஒரு நிறமோ எண்ணோ உண்டு. மற்றொன்று புள்ளி, கோடு, பரப்பு என்னும் மூன்றாலாயது. மடை ஒரு புள்ளி. கால்வாய் ஒரு கோடு. குளம் ஒரு பரப்பு. யான் பேசக் கருதியது இவ்விரண்டாம் வகையைப் பற்றியே. இவ்வகைக் கோப்பினுள் படமென்று ஒன்றும் இராது, எண்களே இருக்கும். புள்ளிக்கு இரண்டெண், கோட்டிற்கு அத்தகைய இணைகள் பல, பரப்பென்பது தொடங்கிய இடத்திலேயே வந்து முடியுங் கோடு. அவற்றோடு ஓர் அட்டவணையும் சேர்ந்திருக்கும். குளத்தின் பெயர், ஆயக்கட்டு, நீராழம், அளந்த நாள் என்பன அவ்வட்டவணையின் கட்டங்களில் நிற்கும். இவ்வெண்களைப் படமாக்கிக் காட்டுவது மென்பொருளின் தொழில்.

அத்தகைய மென்பொருள்களுள் விலைகொடுத்து வாங்கற்பாலன சில. எவரும் விலையின்றிப் பெற்று, அவற்றின் மூலநிரலைப் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமையுடையன சில. இவற்றைத் திறமூல மென்பொருள் என்பர். அமெரிக்கத் தரைப்படையைச் சார்ந்த ஆராய்ச்சிச்சாலையொன்றில் 1982-இல் தொடங்கப்பெற்ற கிராஸ் என்பது இவற்றுள் முதியது. அலாஸ்காவிலிருந்த காரி ஷெர்மன் என்பார் 2002-இல் தொடங்கிய கியூ.ஜி.ஐ.எஸ். என்பதே இன்று மாணவர் கையில் மிகுதியும் வழங்குவது. இவற்றின் அடியில், வெளியே முகங்காட்டாத பெயர்ப்பாளனாக நின்று வேலை செய்வது ஜிடால் என்னுமொன்று. கனடா தேசத்தவராகிய ஃபிராங்க் வார்மர்டாம் 1998-இல் இதனை எழுதத் தொடங்கினார். நூற்றுக்கு மேற்பட்ட வடிவங்களை இது படிக்கவல்லது. கியூ.ஜி.ஐ.எஸ். ஒரு கோப்பைத் திறந்து காட்டும்போது பெரும்பாலும் உள்ளிருந்து படித்துச் சொல்வது ஜிடாலேயாம்.

பெயர்ப்பாளன் செய்யும் வேலை சிறிதென்று கருதற்க. 2010-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் ஹெய்தி நாட்டின் தலைநகராகிய போர்ட்-ஓ-பிரின்ஸ் நிலநடுக்கத்தால் இடிந்து வீழ்ந்தது. உதவிக்குச் சென்றோர்க்குத் தெருக்களைச் செவ்வையாகக் காட்டும் படம் கிட்டவில்லை. இங்கிலாந்தில் 2004-இல் ஸ்டீவ் கோஸ்ட் என்பார் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொதுப்படத்தில், பல நாட்டு அன்பர்கள் தத்தம் வீட்டிலிருந்தபடியே வானத்தினின்றெடுத்த படங்களை நோக்கி அந்நகரைத் தெருத்தெருவாக வரைந்து நிரப்பினர். ஆயின் அவர்கள் வரைந்தது ஒரு வடிவம். மீட்புப் படையினர் கையிலேந்திய கார்மின் கருவிகள் படிக்கவல்லது வேறொரு வடிவம். வரைந்தவற்றை அவ்வடிவிற்குப் பெயர்த்தே கருவிகளில் ஏற்றினர். அப்பெயர்ப்பில் ஒரு தெரு நூறு மீட்டர் விலகியிருப்பின் விளைவு யாதாமென்பதை யான் எழுத வேண்டுவதில்லை.

வடிவங்கள் பலவாயினமைக்குக் காரணம் அவை பிறந்த வீடுகள் பலவாயினமையே. கைக்கருவிகளில் நடந்த வழியைப் பதிவதற்கு 2002-இல் எழுந்தது ஜி.பி.எக்ஸ். கீஹோல் என்னும் நிறுவனம் தன் உலகப் படத்திற்கென்று அமைத்து, 2004-இல் அந்நிறுவனத்தைக் கூகிள் வாங்கியபின் உலகெங்கும் பரவியது கே.எம்.எல். இணையப் பக்கங்களுக்கென்று எளிய எழுத்துக்களாலாயது ஜியோஜேசன். பல படங்களையும் அட்டவணைகளையும் ஒரே பெட்டியில் அடைத்து வைப்பது 2014-இல் பொது நியமமாக வெளிவந்த ஜியோபேக்கேஜ். இவையெல்லாவற்றினும் வயதில் மூத்தும், குறைகள் மிகுந்தும், இன்னும் நாற்காலியை விட்டெழாதது ஷேப்ஃபைல். எஸ்ரி நிறுவனத்தார் 1990-களின் முற்பகுதியில் இதனை வழக்கிற்குக் கொணர்ந்து, 1998-இல் இதன் உள்ளமைப்பை எல்லாரும் அறிய அச்சிட்டு வெளியிட்டனர். அவ்வாறு வெளியிட்டமையாலேயே பிற மென்பொருள்களெல்லாம் இதனைப் படிக்கக் கற்றன. தனியார் ஒருவர் பொருள் பொதுமொழியானது இங்ஙனம்.

ஷேப்ஃபைல் என்று ஒருமையிற் கூறினும் அஃது ஒரு கோப்பன்று, ஒரு குடும்பம். வடிவங்களின் எண்கள் எஸ்.எச்.பி. என்னுங் கோப்பிலும், அவற்றின் இடக்குறிப்பு எஸ்.எச்.எக்ஸ். என்பதிலும், அட்டவணை டி.பி.எஃப். என்பதிலும் இருக்கும். இம்மூன்றும் இன்றியமையாதன. அளவைமுறையைக் கூறும் பி.ஆர்.ஜே. என்பதும், எழுத்துமுறையைக் கூறும் சி.பி.ஜி. என்பதும் இருந்தால் நன்று. இல்லையேல் கோப்புத் திறக்க மறுப்பதில்லை. ஈதே இதன் ஆபத்து. மாணவர் பலர் எஸ்.எச்.பி. ஒன்றை மட்டும் அஞ்சலில் அனுப்பி, ‘கோப்பு அனுப்பியுள்ளேன் ஐயா’ என்பர். அது மணமகன் மட்டும் வந்து நிற்கும் கலியாணம் போன்றது.

இனி, பெயர்ப்பில் பிழை எவ்வாறு புகுகின்றதென்பதை நம் மொழியிலேயே ஓர் உவமை கொண்டு விளக்கலாம். பண்டை ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிட்டெழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் என்பவற்றின் வேறுபாடும் தோன்றாது. ஓலையில் எழுதியவர்க்கு அதனால் இடர் உண்டாகவில்லை. அவர்க்குப் பாடம் தெரியும். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அவ்வேடுகளை அச்சிற்குக் கொணர்ந்த அறிஞர்களே இடர்ப்பட்டனர். அச்சுக்குப் புள்ளி வேண்டும், ஏட்டில் புள்ளியில்லை. எழுதாமல் விட்டதனை இவர்கள் தாமே தேர்ந்து எழுத வேண்டியிருந்தது. கோப்பு வடிவங்களும் இத்தன்மையனவே. ஒவ்வொரு வடிவும் சிலவற்றை வெளிப்பட எழுதும். சிலவற்றைத் தன் வீட்டார்க்குத் தெரியுமென்று சொல்லாமல் விடும். சொல்லாமல் விட்டதனைப் பெயர்ப்பவன் சொல்ல வேண்டும். அவன் சொல்லாவிடின் மென்பொருள் தானே ஒன்றனைக் கருதிக்கொண்டு, யாதொரு எச்சரிக்கையுமின்றி வேலையை முடித்துவிடும்.

எங்கள் குளங்கள் பனிக்கடலுக்குச் சென்ற வகை இதுவே. அக்குளங்கள் வட அட்சம் 8.65 பாகையிலும், கீழைத் தீர்க்கம் 77.65 பாகையிலும் அதனையடுத்தும் உள்ளன. பேச்சு வழக்கில் அட்சரேகையை முன்னும் தீர்க்கரேகையைப் பின்னும் கூறுகின்றோம். யான் காற்புள்ளியாற் பிரித்த பட்டியலாக அவற்றை எழுதிக் கணினிக்குக் கொடுத்தபோது, எக்ஸ் என்னும் நிரல் எது, ஒய் என்னும் நிரல் எது என்று அது வினவிற்று. முன்னிற்பதே எக்ஸ் என்று ஆராயாமல் விடையளித்தேன். கணித நூலில் எக்ஸ் என்பது குறுக்கே செல்வது. ஆதலின் அது தீர்க்கரேகையையே குறிக்கும். என் விடையால் குளங்கள் வட அட்சம் 77.65, கீழைத் தீர்க்கம் 8.65 என்னுமிடத்திற்குக் குடிபெயர்ந்தன. அவ்விடம் பனிக்கடல்.

இவ்வரிசைக் குழப்பம் என் போன்ற புதியோர்க்கு மட்டும் உரியதன்று. கே.எம்.எல்., ஜியோஜேசன் என்னும் இரண்டும் தீர்க்கரேகையை முன்வைக்கும். ஜி.பி.எக்ஸ். இரண்டற்கும் தனித்தனிப் பெயரிட்டெழுதுதலின் அங்கே குழப்பமில்லை. 4326 என்னும் எண்ணால் உலகெங்கும் குறிக்கப்படும் அளவைமுறையோ, நியமப்படி அட்சரேகையை முன்வைப்பது. ஆயினும் நெடுங்காலம் மென்பொருள்கள் பல அதனை மாற்றியே கையாண்டன. ஜிடால் 2019-இல் தன் மூன்றாம் பதிப்பில் நியமத்தின் வரிசையையே மதிக்கத் தொடங்கிற்று. அதற்கு முன் எழுதிய நிரல்களை அப்படியே இயக்கியவர்களுட் பலர் தங்கள் ஊரை எங்கெங்கோ தேட நேர்ந்தது.

இதனோடொத்த சிறு பிழையொன்றையும் குறித்துச் செல்கின்றேன். 8 பாகை 39 கலை என்பதனை 8.39 என்றெழுதும் மாணவர் உளர். கலை அறுபது கொண்டது ஒரு பாகையாதலின் அது 8.65 ஆதல் வேண்டும். 8.39 என்றெழுதினால் இடம் ஏறத்தாழ 29 கிலோமீட்டர் தெற்கே போய்விடும். வடதுருவத்திற்குச் சென்ற குளத்தைக் கண்டவுடன் பிழையென்று அறிவோம். அடுத்த தாலுக்காவிற்குச் சென்ற குளத்தை அறிவது எளிதன்று. எண் பெரிதும் பிறழ்ந்த பிழையினும் சிறிது பிறழ்ந்த பிழையே அஞ்சத்தக்கது. என் இரண்டாம் பிழை அத்தகையது.

மடைகளை ஒருவாறு சொந்த ஊருக்குத் திரும்பக் கொணர்ந்தபின், கால்வாய்களை அளக்கப் பொழுதில்லாமையால், நில அளவைத்துறையாரின் பழைய தாளொன்றைப் பார்த்து அவற்றை வரைந்துகொண்டோம். வரைந்த கால்வாய்களையும் அளந்த மடைகளையும் ஒரே படத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு மடையும் கால்வாயின் தலைப்பில் நிற்கவில்லை. எல்லாம் ஒரே திக்கில், ஒரே தொலைவு, நூறு மீட்டருக்கு மேல் விலகி வயல்களின் நடுவே நின்றன. மடைகளைக் கையாற்பிடித்து நகர்த்திவிடலாமென்று மாணவர் ஒருவர் கூறினார். எல்லாம் ஒரே அளவாக விலகியிருப்பதே இது கைப்பிழையன்று, அடிப்படைப் பிழையென்பதற்குச் சான்று என்பதை அன்று உணர எனக்கு ஒரு மாலைப்பொழுது கழிந்தது.

காரணம் நிலவுருண்டையைப் பற்றியது. பூமி சரியான உருண்டையன்று. துருவங்களிற் சிறிது தட்டையானது. அதனைக் கணக்கிற்கு அடக்க ஒரு நீள்கோளத்தைக் கற்பித்து, அதன்மேல் அட்சரேகை தீர்க்கரேகைகளை வரைகின்றனர். எந்த நீள்கோளத்தைக் கற்பித்து, அதனைப் பூமியோடு எவ்வாறு பொருத்தினர் என்பதைப் பொறுத்து ஒரே மடைக்கு வெவ்வேறு எண்கள் கிடைக்கும். நம் நாட்டின் பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தைக் கொண்டவை. அந்நீள்கோளத்தின் சரித்திரம் நம் அயலிலேயே தொடங்குகின்றது. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சென்னைக்குத் தெற்கே பரங்கிமலையருகில் வில்லியம் லாம்ப்டன் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடொன்றை அளந்து, அதன்மேல் முக்கோணங்களை அடுக்கிக்கொண்டு தென்னாடெங்கும் சென்றார். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மேல் அவருடைய கோணமானி ஏற்றப்பட்டபோது, 1808-இல், கயிறு அறுந்து அப்பெருங்கருவி சுவரில் மோதிச் சிதைந்ததும், அவர் தம் கையாலேயே அதனைச் செப்பனிட்டதும் பலரறிந்த செய்தி. 1823-இல் லாம்ப்டன் இறந்தபின் அவ்வேலையை மேற்கொண்ட ஜார்ஜ் எவரெஸ்ட், இந்திய அளவைகளைக் கொண்டு 1830-இல் ஒரு நீள்கோளத்தைக் கணித்தார். மத்தியப் பிரதேசத்துக் கலியாண்பூர்க் குன்றை மூலமாக வைத்து அஃது இந்நாட்டிற்குப் பொருத்தப்பட்டது.

செயற்கைக்கோள்களைக் கொண்டு இடம் அறியும் கருவிகளோ உலக முழுதுக்கும் பொதுவாகிய டபிள்யூ.ஜி.எஸ். 84 என்னும் முறையைக் கைக்கொள்கின்றன. எவரெஸ்ட் நீள்கோளத்தின் பேரரை விட்டம் ஏறத்தாழ 6,377,276 மீட்டர். மற்றதன் பேரரை விட்டம் 6,378,137 மீட்டர். அளவு வேறு; மையமும் வேறு. எவரெஸ்டின் அளவு பிழையென்று எண்ணற்க. இந்தியப் பகுதிக்கு நன்கு பொருந்துமாறு அமைக்கப்பட்டது அது. உலக முழுமைக்கும் பொருந்துமாறு அமைக்கப்பட்டது இது. 2005-இல் வெளிவந்த தேசியப் படக்கொள்கையின்படி பொதுமக்களுக்குரிய புதிய தாள்கள் டபிள்யூ.ஜி.எஸ். 84 முறையில் அமைவனவாயின. ஆயினும் நம் நூலகங்களில் இருப்பன பெரும்பாலும் பழைய தாள்களே.

இங்கே யான் செய்த தவறு யாதெனில், பழைய தாளினின்று வரைந்த கால்வாய்க் கோப்பிற்கு டபிள்யூ.ஜி.எஸ். 84 என்று பெயர்ச்சீட்டு ஒட்டியதே. மென்பொருளில் இரண்டு ஏவல்கள் அருகருகே உள. ஒன்று அளவைமுறையைச் சூட்டுவது. எண்கள் அப்படியே இருக்கும், பெயர் மட்டும் மாறும். மற்றொன்று அளவைமுறையை மாற்றுவது; எண்கள் கணித்து மாற்றப்படும், இடம் மாறாது. சென்னைப் பட்டணத்துப் படியால் அளந்த நெல்லுக்கு ‘இத்தனை லிட்டர்’ என்று சீட்டெழுதி ஒட்டினால் நெல் கூடாது, குறையாது, கணக்கே கெடும். லிட்டராற் சொல்ல வேண்டுமாயின் ஒரு படிக்கு எத்தனை லிட்டரென்று பெருக்கிச் சொல்ல வேண்டும். யான் சீட்டை ஒட்டினேன், பெருக்கவில்லை. பின்னர்க் கோப்பிற்கு அதன் உண்மைப் பெயராகிய கலியாண்பூர் முறையை முதலிற் சூட்டி, அதன்பின் டபிள்யூ.ஜி.எஸ். 84 முறைக்கு மாற்றினேன். கால்வாய்கள் நகர்ந்து வந்து மடைகளின் வாயிற் சேர்ந்தன. பழைய தாளில் வரைந்த கோடாதலின் சில மீட்டர் பிழை இன்னும் உண்டு, அதனை மறைப்பதற்கில்லை. மாற்றும்போதும் இரண்டு மையங்களின் வேறுபாட்டைக் கூறும் எண்களை மென்பொருள் உண்மையில் எடுத்துக்கொண்டதா என்று நோக்குதல் நன்று. அவ்வெண்கள் அகப்படாவிடின் ஏறத்தாழ ஒரு கணக்குச் செய்து வாளாவிருந்துவிடும்.

அட்டவணையைப் பற்றிச் சிறிது கூறுவேன். ஷேப்ஃபைலின் அட்டவணை டி-பேஸ் என்னும் பழைய கணக்கேட்டு முறையைச் சார்ந்தது. ஒரு கோப்பில் புள்ளி, கோடு, பரப்பு ஆகியவற்றுள் ஒருவகையே இருக்கலாம். ஆகவே கலந்திருக்கும் கே.எம்.எல். கோப்பொன்று மூன்றாகப் பிரியும். நிறங்கள் போய்விடும். நாளையெழுதக் கட்டமுண்டு; நாளோடு மணியையும் சேர்த்தெழுதக் கட்டமில்லை. ‘அளக்கவில்லை’ என்பதற்கும் ‘சுழியம்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு இதிற் செவ்வையாக நிற்பதில்லை. வெற்றிடத்தைச் சில மென்பொருள்கள் சுழியமென்றே எழுதிவிடும். குளத்தின் நீராழத்தை அளவாமல் விட்டோமென்பதும், குளம் வறண்டு கிடந்ததென்பதும் ஒன்றாகுமோ? ஓர் ஊரின் தண்ணீர்க் கணக்கில் இவ்விரண்டும் ஒன்றாய்விட்டால் அக்கணக்கைக் கொண்டு முடிவு செய்வோர் என்ன முடிவு செய்வார்?

இவையெல்லாம் அறியத்தக்கனவேயாயினும், எனக்கு மனவருத்தம் தந்தது எழுத்தைப் பற்றிய மூன்றாம் பிழையே. கணினி எழுத்தை எழுத்தாக வைப்பதில்லை; ஒவ்வொன்றனையும் எண்ணாகவே வைக்கின்றது. எந்த எண் எந்த எழுத்தென்பதற்கு உடன்படிக்கை வேண்டும். யூனிகோடு என்னும் பொது உடன்படிக்கையில் தமிழுக்கு இடமுண்டு. யூ.டி.எஃப். 8 என்னும் முறையில் அதனையெழுதும்போது தமிழ்க் குறியொன்றுக்கு மூன்று பைட்டுகள் வேண்டும். லத்தீன் எழுத்துக்கு ஒன்று போதும். ‘குளம்’ என்பது நமக்கு மூன்றெழுத்து. கணினிக்குக் ககரம், உகரக்குறி, ளகரம், மகரம், புள்ளி என ஐந்து குறி, பதினைந்து பைட்டு. ஷேப்ஃபைல் அட்டவணையில் நிரலின் பெயருக்கு இடம் பத்தே பைட்டு. ‘குளத்தின்பெயர்’ என்று நிரலுக்குத் தலைப்பிட்டால் ‘குள’ என்பதற்குள் ஒன்பது பைட்டு தீர்ந்துவிடும். கட்டத்தினுள் எழுதுவதற்கும் 254 பைட்டே எல்லையாதலின், தமிழில் எண்பத்து நான்கு குறிக்கு மேல் ஒரு குறிப்பெழுத இடமில்லை.

இது நெருக்கடியேயன்றி அழிவன்று. அழிவு வேறு. ஓஜிஆர்-டூ-ஓஜிஆர் என்பது ஜிடாலின் பெயர்ப்பு ஏவல். போய்ச்சேரும் கோப்பின் பெயரை முன்னும் புறப்படும் கோப்பின் பெயரைப் பின்னும் எழுத வேண்டுமென்னும் அதன் விபரீத வழக்கத்தைப் புதியோர் நினைவில் வைத்தல் வேண்டும். அதனைக்கொண்டு எங்கள் கே.எம்.எல். கோப்பை ஷேப்ஃபைலாகப் பெயர்த்தேன். எழுத்துமுறை இன்னதென்று கூறாவிடின், அது மேலையைரோப்பிய மொழிகட்குரிய பழைய எழுத்துமுறையையே கருதிக்கொள்ளும். அம்முறையில் தமிழெழுத்துக்கு இடமேயில்லை. இடமில்லாத ஒவ்வொன்றும் வினாக்குறியாயிற்று. யூ.டி.எஃப். 8 என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் போதும், சேர்க்கவில்லை. புள்ளிகள் உரிய இடத்தில் நின்றமையால் எல்லாம் நன்றென்று கருதி, அட்டவணையைத் திறந்து பாராமல், தொலைபேசியிலும் கணினியிலுமிருந்த மூலக் கோப்பை நீக்கிவிட்டேன். சில நாள் கழித்து அட்டவணையைத் திறந்தால், மடைப்பெயர்கள் நின்ற நிரல் முழுதும் வினாக்குறிகளின் வரிசை.

ஈண்டு ஒரு நுட்பம் அறிதற்குரியது. தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் மேலே சாய்கோடிட்ட லத்தீன் எழுத்தொன்று மூன்றெழுத்துக்கொருமுறை திரும்பத் திரும்ப வந்துகொண்டிருப்பின் அஞ்ச வேண்டா. பைட்டுகள் பழுதின்றியுள்ளன; படிக்கும் முறையே தவறியது. யூ.டி.எஃப். 8 என்று சொல்லித் திறந்தால் தமிழ் மீண்டும் தோன்றும். பாமினி, திஸ்கி, டாம், டாப் முதலிய பழைய எழுத்துமுறைகளில் அடித்த பட்டியல்களையும் உரிய மாற்றுநிரலால் மீட்டுக்கொள்ளலாம். வினாக்குறி அங்ஙனமன்று. அங்கே எழுத்துப் போய், அஃதிருந்த தடமும் போயிற்று. எந்த மென்பொருளாலும் அதனை மீட்டல் இயலாது.

மாணவர் ஒருவர் பழைய வழக்கப்படி பெயர்களைக் குறிப்பேட்டில் பென்சிலாலும் எழுதி வைத்திருந்தார். அவர் செய்த நன்மையை யான் மறப்பதற்கில்லை. பெயர்களுட் பெரும்பாலன அவ்வேட்டினின்று கிடைத்தன. நான்கு மடைகளின் பெயர்கள் மட்டும், அவர் அன்று பிற்பகல் உடன்வராமையால், அவ்வேட்டில் இல்லை. மழைக்காலங்கழிந்து பெயர் கேட்கச் சென்றேன். எங்களோடு கரைமேல் நடந்து ஒவ்வொரு மடையையும் காட்டிய பெரியவர் ஐப்பசியில் காலமாகிவிட்டார். அவர் மகனார், ‘அதெல்லாம் அப்பாவுக்குத்தான் தெரியும், சார், நாங்க ஒண்ணாம் மடை, ரெண்டாம் மடைன்னுதான் சொல்றது’ என்றார்.

அதன்பின் யான் கைக்கொண்டுவரும் முறையைச் சுருக்கமாகக் கூறுகின்றேன். மூலக் கோப்பை ஒருபோதும் நீக்குவதில்லை, அதன்மேல் எழுதுவதுமில்லை. பெயர்க்குமுன் எத்தனை உருக்கள் உளவென்று எண்ணிப் பெயர்த்தபின்னும் எண்ணுகின்றேன். பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்தை ஒரு புள்ளியாகக் கோப்புதோறும் சேர்த்து வைத்துள்ளேன். பெயர்த்த பின்னர் அப்புள்ளி வானப்படத்தில் கோபுரத்தின்மேலேயே நிற்கின்றதா என்று முதலில் நோக்குவேன். நின்றால் வரிசையும் நீள்கோளமும் செவ்வை. அதற்குத் தமிழிலே பெயரிட்டுள்ளமையால் எழுத்தும் உடனே சோதிக்கப்படும். பின்னர்ப் பெயர்த்த கோப்பை மீண்டும் பழைய வடிவிற்கே பெயர்த்து, இரண்டு அட்டவணைகளையும் பக்கத்திற்பக்கம் வைத்துப் பார்ப்பேன். அளந்தவர், நாள், அளவைமுறை, எழுத்துமுறை என்பவற்றை ஒரு தனித்தாளில் எழுதி உடன் வைக்கின்றேன். பிறர் கட்டாயமாக ஷேப்ஃபைல் கேட்டாலன்றி எங்கள் வேலைக்கு ஜியோபேக்கேஜையே வழங்குகின்றோம்; நிரற்பெயர் குறுகுவதுமில்லை, வெற்றிடம் வெற்றிடமாகவே நிற்கும், கோப்பும் ஒன்றே.

படம் இப்போது முடிந்திருக்கின்றது. மடைகளின் பெயர்களை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலும் தமிழ்ப்பெயருக்கென்றுள்ள கட்டத்தில் சேர்த்துவருகின்றோம். நான்கு மடைகளுக்கு அக்கட்டம் வெறுமையாயுள்ளது. நான்கும் பச்சையாறு பொருநையோடு கூடும் தருவைக்கு மேற்கேயுள்ள குளங்களின் கீழ்க்கரையிலிருப்பவை. அப்பக்கத்து ஊர்களினின்று நம் கல்லூரியிற் பயின்று சென்ற பழைய மாணவர் பலர் உளர். அவர்களுள் எவரேனும், அல்லது அவர்கள் வீட்டு முதியோர் எவரேனும், அம்மடைகளின் பெயர்களை அறிந்திருப்பின் பூகோளப் பகுதிக்கு ஓர் அஞ்சலட்டையில் எழுதியனுப்புமாறு வேண்டுகின்றேன்.